சாம்பல் ஆண்டும் நம் வீட்டுச் சஹனும்



வருமானம் நின்றுபோய், செலவு மட்டும் வழக்கம்போல் வாசற்படி ஏறி வருகிற காலத்தில் ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பானவர் என்ன செய்ய வேண்டும்? ஒரு மஹல்லாவின் முத்தவல்லி என்ன செய்ய வேண்டும்? பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? "தைரியமாக இருங்கள், அல்லாஹ் போதுமானவன்" என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். சொல்வது சரிதான். அதில் எந்த மூமினுக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தைரியம் எப்படிப்பட்டது, அது எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை நாம் விசாரிப்பதில்லை. கஷ்டத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் தைரியம் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணம் ஒரு வீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி, வளைகுடா நாடுகளில் வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்களல்லவா? அவர்களில் ஒரு சபராளி நமக்கு நன்கு தெரிந்தவர். வேலை போய்விட்டது என்று வீட்டில் சொல்ல அவருக்கு நா எழவில்லை. கம்பெனியில் நீண்ட விடுமுறை கொடுத்திருக்கிறார்கள் என்றார். பெருநாளைக்கு எல்லோருக்கும் எப்போதும்போல் புதுத்துணி எடுத்தார். மூத்த மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தத்தில், ஒப்புக்கொண்ட சீர் வரிசையில் ஒரு தட்டுக்கூடக் குறையக் கூடாது என்று நின்றார். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? மனைவியின் நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயிற்று. பிறகு மீட்டர் வட்டிக்குக் கைமாற்று. எந்த வட்டியை அல்லாஹ் ஹராமாக்கி, அதை விடாதவர்களோடு போர் அறிவிப்பும் செய்திருக்கிறானோ, அந்த வட்டியை அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக வாங்கினார். எட்டு மாதம் கழித்து, தவணை தவறிய கடிதம் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

அவருடைய உம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மகனை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏன் வாப்பா, என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க வாப்பா மவுத்தான பிறகு கஞ்சி காய்ச்சி உங்க மூணு பேரையும் வளர்த்தவ நான்தானே? கஞ்சி காய்ச்ச எனக்கு மறந்தா போச்சு?" என்று கேட்டார்களாம். "அன்னைக்குத்தான் ஹஜரத் எனக்கு மூச்சே வந்தது" என்று அவர் நம்மிடம் சொன்னார். இந்த வீட்டுக்குப் பிறகு வருவோம்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639. அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். ஷாம் தேசம் கைக்கு வந்துவிட்டது. கிஸ்ராவின் தலைநகரான மதாயின் வீழ்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாரசீக மன்னர்களின் பொக்கிஷங்கள் மதீனாவின் பள்ளிவாசலில் வந்து குவிந்ததைக் கண்ட மக்கள், அந்த ஆண்டில் ஒரு பிடி மாவுக்கு அலைந்தார்கள். ஹிஜாஸ் பகுதியில் சுமார் ஒன்பது மாதங்கள் மழை இல்லை. மண் கருகி, காற்றடித்தால் புழுதி சாம்பல்போல் பறந்தது. 'ரமாத்' என்றால் அரபியில் சாம்பல். ஆகவே அந்த ஆண்டுக்கு 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கால்நடைகள் மடிந்தன. கிராமத்து அரபிகள் பிள்ளைகுட்டிகளோடு மதீனாவை நோக்கி வந்து, ஊரைச் சுற்றிலும் தங்கினார்கள்.

அப்போது அமீருல் மூமினீன் முதலில் எதைச் செய்தார்கள்? தம்முடைய உணவுத் தட்டைச் சரிசெய்தார்கள்! மக்களுக்குப் பழைய நிலை திரும்பும்வரை நெய், பால், இறைச்சி மூன்றையும் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். ரொட்டியும் ஒலிவ எண்ணெயும்தான் ஆகாரம். நல்ல சிவந்த மேனியுடையவர்கள் கறுத்துப்போனார்கள். எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இரைந்தபோது, வயிற்றை விரலால் தட்டி, நீ எவ்வளவு இரைந்தாலும் சரி, மக்கள் நெய் சாப்பிடும்வரை உனக்கும் கிடைக்காது என்று அதனோடு பேசினார்களாம். கடைத்தெருவுக்கு நெய்யும் பாலும் வந்தபோது அவர்களுடைய பணியாள் நாற்பது திர்ஹம் கொடுத்து வாங்கி வந்தார். விலையைக் கேட்டதும் அவற்றைத் தருமம் செய்துவிடச் சொன்னார்கள். மக்களைத் தொட்டது தம்மையும் தொடாவிட்டால், அவர்களுடைய கவலை தமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

ஒருநாள் ஒட்டகம் அறுத்து மக்களுக்கு உணவளித்தார்கள். ஒட்டகத்தின் திமிலும் ஈரலும் ருசியானவை. பரிமாறுகிறவர்கள் அவற்றை எடுத்து அமீருல் மூமினீன் முன்னால் வைத்தார்கள். நல்ல பகுதியைத் தாம் தின்று, எலும்பை மக்களுக்குக் கொடுத்தால் தம்மைவிடக் கெட்ட ஆட்சியாளன் உண்டா என்று கேட்டு, தட்டை எடுக்கச் சொன்னார்கள். ரொட்டியும் எண்ணெயும் வந்தன. ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பத்தின் நினைவு வந்துவிட்டது. மூன்று நாட்களாக அவர்களைப் போய்ப் பார்க்கவில்லையே, வெறும் வயிற்றோடு இருப்பார்களே என்று சொல்லி, அந்தத் தட்டையும் பணியாளிடம் கொடுத்து அங்கே அனுப்பிவிட்டார்கள்.

அன்பர்களே! நம் வீடுகளில் கையிருப்பு குறையும்போது முதலில் குறைவது யாருடைய தட்டு? மனம் கூசாமல் சொல்ல வேண்டுமானால், பெண்களின் தட்டு. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மீனைப் பரிமாறிவிட்டு, சட்டியைத் துடைத்த ஆணத்தோடு சோற்றை முடித்துக்கொள்ளும் தாய்மார்களை நமக்குத் தெரியாதா? உமர் (ரலி) அவர்கள் வகுத்த வரிசையோ, தலைவனின் தட்டிலிருந்து தொடங்குகிறது. வீட்டின் தலைவர் தம்முடைய சிகரெட்டையும் மாலை நேரத்து டீக்கடைச் செலவையும் நிறுத்துவதற்கு முன்னால், பிள்ளைகளின் பாலில் தண்ணீர் சேர்க்கச் சொல்ல அவருக்கு ஏது உரிமை?

பிள்ளைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தம் பிள்ளைகளில் ஒருவரின் கையில் ஒரு தர்ப்பூசணியைக் கண்டார்கள். முஹம்மது (ஸல்) அவர்களின் உம்மத் மெலிந்து கிடக்கும்போது அமீருல் மூமினீனின் பிள்ளைக்குப் பழமா என்று அதட்டினார்கள். பிள்ளை அழுதுகொண்டு ஓடிவிட்டது. பிறகு விசாரித்தால், அந்தப் பிள்ளை ஒரு கைப்பிடி பேரீச்சங் கொட்டையைக் கொடுத்து அந்தப் பழத்தை வாங்கியிருக்கிறது. கேட்டபின் உமர் (ரலி) அவர்கள் அமைதியானார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்காக நம் மனம் இரங்குகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சம் இருக்கிறது என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்கு மறைக்கப்படவில்லை.

தட்டைக் குறைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கணக்கெடுத்தார்கள். ஒரு நாள் இரவு தம் பந்தியில் உண்டவர்களை எண்ணச் சொன்னபோது ஏழாயிரம் பேர் இருந்ததாகவும், பந்திக்கு வர இயலாத நோயாளிகள், குழந்தைகள், குடும்பத்தார் நாற்பதாயிரம் பேர் இருந்ததாகவும், சில நாட்களில் அது பத்தாயிரமும் ஐம்பதாயிரமுமாக உயர்ந்ததாகவும் இப்னு ஸஅத் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். சுபுஹுக்கு முன்பே எழுந்து அண்டாக்களில் அஸீதா கிண்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அஸீதா என்பது நம் வீடுகளில் கிண்டும் களியைப் போன்றது. ஒரு பெண் அதைக் கிண்டிக்கொண்டிருந்த பக்கமாக அமீருல் மூமினீன் போனார்கள். இப்படியல்ல என்று சொல்லி, துடுப்பைத் தம் கையில் வாங்கிக் கிண்டிக் காட்டினார்கள். தண்ணீர் நன்றாகக் கொதிக்குமுன் மாவைப் போடக் கூடாது, கொதித்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்டினால் கட்டி தட்டாது, மாவும் மிகுந்துவரும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உலகின் பெரும் பகுதி யாருடைய பெயரைக் கேட்டு நடுங்கியதோ, அவர்கள் கையில் களித் துடுப்பு! நம் சகோதரிகள் இதை மறந்துவிடக் கூடாது. சகோதரர்கள் அறவே மறந்துவிடக் கூடாது. ஒரு படி மாவை இரண்டு வேளைக்கு எப்படி எட்டவைப்பது என்ற அறிவும் தலைமையில் சேர்ந்ததுதான். ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று அறிவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதே ஹதீஸில் வீட்டுப் பெண்ணையும் மேய்ப்பர் என்றே சொல்லியிருக்கிறார்கள். கணவர் கடல் கடந்திருக்க, வீட்டை ஒற்றை ஆளாக நடத்தும் சபராளிகளின் மனைவிமார்களுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய செய்தியா?

இனி நாம் சொல்லப்போவதுதான் நம்மவர்களுக்கு மிகவும் கஷ்டமான பாடம். உமர் (ரலி) அவர்கள் வாய் திறந்து உதவி கேட்டார்கள். ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், நானும் என்னைச் சேர்ந்தவர்களும் அழிந்துபோக, நீரும் உம்மைச் சேர்ந்தவர்களும் வாழ்ந்திருப்பீரோ என்று கேட்டுவிட்டு, உதவி, உதவி என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஒரு பேரரசின் தலைவர், தம்மால் நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு இப்படி எழுதுவதா என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பசித்தவர்கள் வாசலில் இருக்கும்போது கௌரவம் எதற்கு? முதல் ஒட்டகம் உங்களிடம் வந்து சேரும்போது கடைசி ஒட்டகம் என்னிடம் இருக்கும் என்ற பொருளில் பதில் வந்தது.

ஆனால் எல்லோருக்கும் முந்தி வந்து சேர்ந்தவர் ஷாமிலிருந்த அபூ உபைதா (ரலி) அவர்கள். நாலாயிரம் ஒட்டகச் சுமை தானியத்தோடு தாமே வந்தார்கள். அதற்காக நாலாயிரம் திர்ஹம் கொடுக்கப்பட்டபோது, அல்லாஹ்வுக்காகச் செய்ததற்குப் பணமா என்று மறுத்து, உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்திய பிறகே பெற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஷாமைச் சூறையாடிய அம்வாஸ் என்ற கொள்ளை நோயில் அந்தப் பெரியார் வஃபாத்தானார்கள். பஞ்சம் ஒரு பக்கம், கொள்ளை நோய் மறுபக்கம். நம் காலத்தில் மட்டும்தான் இரண்டும் சேர்ந்து வந்தன என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

யூசுஃப் (அலை) அவர்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏழு ஆண்டுப் பஞ்சம் வரப்போகிறது என்று மன்னனின் கனவுக்கு விளக்கம் சொன்னதோடு, தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும் முறையையும் சொல்லி, களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி தாமே கேட்டார்கள் என்று திருமறை 12ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். பதவியைக் கேட்டுப் பெறுவதை மார்க்கம் விரும்புவதில்லை. ஆனால் களஞ்சியம் நிறைந்திருக்கும்போது கேட்பது வேறு. காலியாகப்போகிறது என்று தெரிந்தே கேட்பது வேறு. நம் ஜமாஅத்துகளில் கந்தூரி நடக்கிற ஆண்டில் நிர்வாகத்துக்கு ஐந்து பேர் போட்டி போடுகிறார்கள். கஷ்டமான ஆண்டில் பழைய முத்தவல்லியின் வீட்டுக் கதவைத் தட்டி, நீங்களே இருந்துவிடுங்கள் என்கிறோம்!

நிர்வாகம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 2020இல் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில் ஜும்ஆ வசூல் நின்றது. சில இடங்களில் உடனே இமாமின் சம்பளமும் மோதினாரின் சம்பளமும் பாதியாயிற்று. வேறு சில இடங்களிலோ, நிர்வாகிகள் முதலில் தங்கள் பைகளைத் தடவிப் பார்த்தார்கள். மஹல்லாவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பட்டியல் எடுத்து, விடிவதற்குமுன் அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டையும் நாம் அறிவோம்.

கூலி கொடுப்பவர்களுக்கும் உமர் (ரலி) அவர்களிடம் ஒரு பாடம் உண்டு. பஞ்ச ஆண்டில் திருட்டுக்குக் கைவெட்டும் தண்டனையை அவர்கள் நிறைவேற்றவில்லை. ஒருமுறை ஹாத்திப் (ரலி) என்பவரின் அடிமைகள், இன்னொருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். விசாரித்த உமர் (ரலி) அவர்கள், நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்று எண்ணுகிறேன் என எஜமானரைப் பார்த்துச் சொல்லி, நானூறு திர்ஹம் பெறும் ஒட்டகத்துக்கு எண்ணூறு திர்ஹம் கொடுக்கும்படி அவருக்கே அபராதம் விதித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இருக்கிறது. வியாபாரம் மந்தம் என்று சொல்லி வேலையாளின் கூலியை நிறுத்திவைத்துவிட்டு, கல்லாவில் நூறு ரூபாய் குறைகிறதே என்று கூச்சலிடும் முதலாளிகள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இவ்வளவு ஏற்பாடுகளைச் செய்தவர்கள், செய்தாயிற்று என்று இருந்துவிடவில்லை. இரவில் இஷாவுக்குப் பின் வீட்டுக்குப் போய் நீண்ட நேரம் தொழுது அழுதார்கள். தம் கையால் இந்த உம்மத்துக்கு அழிவு வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர்களுடைய துஆ. பஞ்சத்துக்குத் தம் பாவம் காரணமோ என்று அஞ்சினார்கள். மக்களைத் திரட்டிக்கொண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காக துஆ கேட்டார்கள். பாவமன்னிப்புத் தேடுங்கள், அவன் மழையை இறக்கி, பொருளாலும் மக்களாலும் உதவுவான் என்று நூஹ் (அலை) தம் கூட்டத்தாருக்குச் சொன்னதாக 71ஆம் அத்தியாயத்தில் வருகிறதல்லவா? அந்த நம்பிக்கையோடு இஸ்திக்ஃபாரைப் பெருக்கினார்கள். அல்லாஹ் மழையைப் பொழிந்தான்.

மழை பெய்த பிறகு அவர்கள் வெளியிட்ட ஒரு செய்திதான் நம்மை இதை எழுதத் தூண்டியது. அல்லாஹ் இந்தத் துன்பத்தை நீக்கியிருக்காவிட்டால், வசதியுள்ள ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் அந்த வீட்டார் எத்தனை பேரோ அத்தனை ஏழைகளைச் சேர்த்துவிட்டிருப்பேன் என்றார்கள். ஒருவருக்குப் போதுமானதை இருவர் உண்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. பாதி வயிறு ஒருவரையும் கொல்வதில்லை. இதற்கு வழிகாட்டி யார்? யமன் நாட்டு அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தால், தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பகிர்ந்துகொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அக்குலத்தைப் பாராட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது.

நாம் சொன்ன அந்தச் சபராளியின் வீட்டில் உம்மா செய்ததும் ஏறத்தாழ இதுதான். அன்று இரவே மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரு சஹனைச் சுற்றி உட்காரவைத்தார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, வெளியே எவ்வளவு கடன் என்று மகனை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதாம். கேட்டவர்கள் யாரும் அழவில்லை. பத்தாவது படிக்கும் மகன், டியூஷனை நிறுத்திக்கொள்கிறேன் வாப்பா என்றான். மறுநாள் உம்மாவும் மகனுமாகச் சம்பந்தி வீட்டுக்குப் போய், சீர் கொடுக்க எங்களிடம் இல்லை, விருப்பமிருந்தால் பள்ளிவாசலில் நிக்காஹ் வைத்துக்கொள்வோம் என்று நேராகச் சொன்னார்கள். சம்பந்தி ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் அவரே வந்து, எங்கள் வீட்டிலும் இதே நிலைதான், நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றார். பேரீச்சம் பழத்தோடு நிக்காஹ் முடிந்தது. வட்டிக் கடனை அடைக்க வீட்டை ஒட்டிய காலி மனையை விற்றார்கள். அந்த மனை போனதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு. இப்போது உள்ளூரிலேயே ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

சாம்பல் ஆண்டு முடிந்தது. புல் முளைத்தது. மதீனாவைச் சுற்றித் தங்கியிருந்தவர்களில் பலர் பசிக்கும் நோய்க்கும் பலியாகியிருந்தார்கள். எஞ்சியவர்களுக்கு வழியில் உண்ண உணவும், நடக்க இயலாதவர்களுக்கு ஏறிச்செல்ல வாகனமும் கொடுத்து, அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த ஆண்டு ஜகாத் வசூலிக்க ஆள் அனுப்பவில்லை. மறு ஆண்டில் இரண்டு ஆண்டுகளுக்குரியதைச் சேர்த்து வாங்கச் சொல்லி, அதில் ஒரு பாதியை அந்தந்த ஊர் ஏழைகளுக்கே பங்கிட்டுவிட்டு, மறுபாதியை மட்டும் கொண்டுவரச் செய்தார்கள்.

மக்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுப் போவதை அமீருல் மூமினீன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்களிலிருந்து நீர் வழிந்தது. கூட்டத்தில் ஒருவர், துன்பம் உங்களை விட்டு நீங்கியது, உத்தமியின் மகன் அல்லவா நீங்கள் என்று புகழ்ந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தடுத்தார்கள். என் பணத்தையோ என் தந்தை கத்தாபின் பணத்தையோ செலவழித்திருந்தால் நீ இப்படிச் சொல்லலாம், நான் செலவழித்தது அல்லாஹ்வின் பணம் என்றார்கள்.